ஜோடியாகப் போகக் கூடாத கோயில்

— அதெல்லாம் அப்புறம், பாக் கசிரான். ரெண்டு பேரும் கோயிலுக்குள்ள போனாங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— சொல்றேன் இபு வுர்யானி, மூச்சு வாங்க விடுங்க. முதல்ல ஒரு தேத்தண்ணி. சூடா, இனிப்பா, கரண்டியை நட்டுவெச்சா அப்படியே நிக்கிற மாதிரி கெட்டியா. உங்களுக்காக இன்னிக்கு நான் சொன்ன பொய்யில தொண்டை மெராபி எரிமலையா எரியுது.

— தண்ணி கொதிக்குது. உங்க வாய் சும்மாதானே இருக்கு? பேசுங்க. என் பொண்ணு பின்கட்டுலதான் இருக்கா, எந்த நிமிஷமும் உள்ள வந்துடுவா.

— சரி, கேளுங்க. காலையில என் வண்டியைக் கிளப்பறேன். முன் சீட்டுல உங்க விருந்தாளி, அந்த ஹாலந்துக் கிழவர். நடுவுல அவர் சம்சாரம். கடைசி சீட்டுல உங்க பொண்ணு கினந்தி, பக்கத்துல அவளைக் கட்டிக்கப் போற பாடாங் பையன் அஸ்வர். நம்ம விடுதி வாசல் வாத்துக் கூட்டத்தைக்கூடத் தாண்டல, அதுக்குள்ள கிழவர் கேக்கறார், ‘கோத்தகெடே ஊர்ல என்ன விசேஷம்?’ நான் சொன்னேன், ‘ஐயா, அது பழைய ராஜாங்க தலைநகரம். அங்க ஒரு மதில் இருக்கு, அம்புட்டு கனம். கட்டும்போது உள்ள மாட்டிக்கிட்ட கொத்தனார் குடும்பம் இன்னும் அதுக்குள்ளதான் குடியிருக்கு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காதை வெச்சுக் கேட்டா மருமக மாமியாரைத் திட்டறது கேக்கும்’னு.

— யா அல்லா! அந்த மனுஷன் நம்பிட்டாரா?

— நம்பறதாவது! ‘அவங்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகுது’ன்னு கேட்டு கண் கலங்கிட்டார். ரயில்ல கார்டா இருந்தவன் நான், இபு. வராத ரயிலை ‘இதோ வருது’ன்னு சொல்லியே ஒரு பிளாட்பாரம் ஜனத்தைப் பொழுது விடியற வரைக்கும் உக்கார வெச்சவன். ஒரு கிழவர் எம்மாத்திரம்?

— நீட்டாதீங்க. கோத்தகெடே போறோம்னு சொல்லிக் கூட்டிட்டுப் போய், பாதி வழியில பிரம்பானான் கோயில் வாசல்ல வண்டி நின்னுடணும். அதுதானே நம்ம பேச்சு? நின்னுச்சா?

— நின்னுச்சாவா? என்னா நிக்கல் தெரியுமா! வாசலுக்கு நேரா, மாமியாரைப் பாத்த மருமகன் மாதிரி நின்னுடுச்சு. நான் தலையில அடிச்சுக்கிட்டு இறங்கினேன். ‘ஐயோ, பிளக் போச்சு! ஸ்பார்க் பிளக் கருகிப் போச்சு! நான் சரி பண்றதுக்குள்ள நீங்க எல்லாரும் கோயிலைச் சுத்திப் பாத்துட்டு வந்துடுங்க!’ன்னு ஒப்பாரி வெச்சேன். பக்கத்துல இளநீர் விக்கிறவன் அழுதுட்டான்.

— நல்ல வேலை பண்ணினீங்க.

— நல்ல வேலைதான். அந்தப் பையன் இறங்கி வந்து எட்டிப் பாத்துட்டு, மரியாதையா, ரொம்ப மரியாதையா சொல்றான்: ‘பெரியப்பா, இது டீசல் வண்டி. டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கே கிடையாது.’

— அடப்பாவி மனுஷா! முப்பது வருஷம் டீசல் ரயில்லதானே வேலை பாத்தீங்க?

— கொடி காட்டினேன் இபு. எஞ்சினையா கழட்டிப் பாத்தேன்?

— போச்சு. எல்லாம் போச்சு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொன்னா, நீங்க தட்டுக்கு வெளிய வெச்சுட்டு வந்திருக்கீங்க.

— பதறாதீங்க. கசிரான் கை வெச்ச காரியம் கெட்டதா சரித்திரம் உண்டா? கதை இன்னும் பிளாட்பாரத்தையே தாண்டல. அந்த வாழைக்காய் பஜ்ஜி யாருக்கு எடுத்து வெச்சிருக்கீங்க?

— விருந்தாளிங்களுக்கு. சரி, ரெண்டு எடுத்துக்கோங்க. ராத்திரிச் சாப்பாடும் இங்கயே ஆகட்டும். உங்க வீட்டுல யாரு வடிச்சுக் கொட்டக் காத்திருக்கா?

— ஒருத்தரும் இல்ல. என் சம்சாரம் போய்ச் சேந்த நாள்லேர்ந்து என் அடுப்புல பூனைதான் குடித்தனம். குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்துடுச்சு. போன வாரம் என்னையே யாருன்னு கேட்டுச்சு.

— சிரிக்க வெக்காதீங்க, நான் சிரிக்கிற நிலைமையில இல்ல. கினந்தி என்ன சொன்னா?

— அவ வண்டியை விட்டு இறங்கவே இல்ல. ஜன்னல் வழியா என்னை ஒரு பார்வை பாத்தா. ‘பெரியப்பா, இது அம்மா வேலைதானே?’ன்னா. ‘அம்மாவா? எந்த அம்மா?’ன்னேன்.

— எந்த அம்மாவா! இதுக்கு நீங்க பேசாமலே இருந்திருக்கலாம்.

— இபு, நானும் காலையிலேர்ந்து கேக்கணும்னு பாக்கறேன். இத்தனை நாடகம் எதுக்கு? பையனைப் பிடிக்கலன்னா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

— முகத்துக்கு நேரா ‘வேண்டாம்’னா? என்னை என்ன காட்டுலயா வளத்தாங்க? பொண்ணு கேட்டு வந்து உக்காந்தான். ‘உங்க இஷ்டம் எப்படியோ அப்படி’ன்னு சொன்னேன், தேத்தண்ணியும் ஒரு தரம்தான் ஊத்தினேன். ஜாவாக்காரனா இருந்தா செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பியிருப்பான். இவன் ‘ரொம்ப சந்தோஷம் மாமி’ன்னு பெரிசா சிரிச்சுட்டு, இன்னொரு கிளாஸ் அவனே ஊத்திக் குடிச்சான்!

— பாடாங்காரன் இபு. அவங்க வியாபாரிங்க. வாயில வர்ற வார்த்தையைத்தான் எடை போடுவாங்க, வராததை இல்ல.

— அதைத்தான் சொல்றேன், அவனுக்கு நம்ம பேச்சு ஏறாது. அவனைக் குத்தம் சொல்லல, நல்ல பையன்தான். ஆனா நாளைக்கு நிக்காஹ் முடிஞ்சதும் என்ன ஆகும்? கடல் தாண்டி சுமத்ராவுக்குக் கூட்டிட்டுப் போயிடுவான். இந்த விடுதியை நடத்தறது யாரு? நானா? விருந்தாளி இங்கிலீஷ்ல சோப்பு கேட்டா நான் சூப்பு கொண்டுபோறவ. அவ அப்பா கண்ணை மூடினதுலேர்ந்து எல்லாம் அவதான். அவ போயிட்டா இந்த வயலும், அறைகளும், வாத்துங்களும், நானும்தான். சாயங்காலமானா தவளை கத்தும். அதுகூடத்தான் பேசணும்.

— அதனால கல்லாப் போன இளவரசியைத் துணைக்குக் கூப்பிட்டீங்க.

— வேற வழி? கல்யாணம் ஆகாத ஜோடி அந்தக் கோயிலுக்குள்ள சேந்து போனா பிரிஞ்சுடும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். என் சித்தி பொண்ணு போனா. வாசல்ல ஐஸ் வாங்கித் தின்னுக்கிட்டு உள்ள போனாங்க. வெளிய வரும்போதே அந்த ஐஸுக்காகச் சண்டை. இன்னிக்கு வரைக்கும் ரெண்டு பேரும் ஒரே தெருவுல மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நடக்கறாங்க.

— புருடா! நான் அந்தக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன ஜோடிங்களை வரிசையா நிறுத்தினா, தலை இங்க இருக்கும், வால் சொலோ டவுன்ல இருக்கும். ஒண்ணாவது பிரிஞ்சுதா? போன வருஷம் ஜகார்த்தாவிலேர்ந்து ஒரு ஜோடி பிரிஞ்சே தீரணும்னு வந்தாங்க, இபு. மூணு சுத்து சுத்தினாங்க. ஒண்ணும் நடக்கல. போற வழியில கல்யாண மண்டபம் விசாரிச்சுட்டுப் போனாங்க.

— உங்களுக்கு எதுலயும் நம்பிக்கை கிடையாது.

— எனக்கா? ஒரே ராத்திரியில ஆயிரம் கோயில் கட்டச் சொன்ன இளவரசி. பூதங்களை வெச்சுக் கட்டி முடிக்கப் போன இளவரசன். விடியறதுக்கு முன்னாலயே பொம்பளைங்களை விட்டு நெல்லு குத்தச் சொல்லி, சேவலைக் கூவ வெச்சு அவனை ஏமாத்தினது. கோவத்துல அவன் அவளையே கல்லாக்கி கடைசிக் கோயில்ல வெச்சுட்டான். இதை நான் சொல்ற அழகுல சொன்னா கல்லுக்கே வேர்க்கும். சொல்றதுக்குச் சம்பளம் வாங்கறவன், நானே நம்பினா தொழில் என்னாகறது?

— தொழில் இருக்கட்டும். உள்ள போனாங்களா?

— வர்றேன் வர்றேன். கினந்தி அந்தப் பையன் காதுல என்னமோ சொன்னா. கோயில் விவரம் மொத்தமும் சொல்லியிருப்பா போல. அவன் கேட்டான், கோபுரத்தை நிமிந்து பாத்தான், என்னைப் பாத்தான். அப்புறம் கதவைத் திறந்து கையை நீட்டினான். ‘மாமி ஆசைப்பட்டு அனுப்பியிருக்காங்க. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போனா அவங்களை மதிக்காத மாதிரி ஆயிடும்’னான்.

— அப்புறம்?

— கையைக் கோத்துக்கிட்டு நடந்தாங்க.

— உள்ளயா?

— உள்ளதான். நடு கோபுரத்துப் படி ஏறி, வடக்கு அறையில அந்த இளவரசி நிக்கிறாளே, அவ மூஞ்சிக்கு நேரா போய் நின்னாங்க. நான் பின்னாலேயே ஹாலந்துக்காரங்களோட போயிருந்தேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன்.

— போயிட்டாங்களா! அல்ஹம்துலில்லா! பாக் கசிரான், அந்த பஜ்ஜித் தட்டை மொத்தமா எடுத்துக்கோங்க. விருந்தாளிங்களுக்கு வேற போட்டுக்கலாம். இருங்க, சம்பல் தரேன். முகத்துல வாட்டம் இருந்துச்சா? திரும்பி வரும்போது தள்ளித் தள்ளி நடந்தாங்களா?

— மழை பிடிச்சுக்கிச்சு. போகும்போது ஆளுக்கொரு குடை எடுத்துட்டுப் போனாங்க.

— ம்.

— வரும்போது ஒரு குடைதான் விரிச்சிருந்துச்சு.

— ஒருத்தர் குடையில, இன்னொருத்தர் நனைஞ்சுக்கிட்டா?

— ரெண்டு பேரும் அதே குடையில இபு. தோள் தோளோட ஒட்டி. இன்னொரு குடையை அந்த ஹாலந்துக் கிழவிக்குக் குடுத்துட்டாங்க.

— சாபம் உடனேவா வேலை செய்யும்? மெதுவாத்தான் செய்யும். ஷ்... காலடிச் சத்தம். வாயைத் துடைங்க, துடைங்க! வாம்மா கினந்தி! கோத்தகெடே எப்படி இருந்துச்சு?

— போய்ச் சேரும்போது கடையெல்லாம் சாத்திட்டாங்கம்மா. அளக்கற டேப்பு எங்க வெச்சிருக்கே?

— டேப்பு எதுக்கு?

— அஸ்வர் கேக்கறான். கிழக்கு அறையை அளக்கணுமாம். அலமாரி உள்ள போகுமான்னு பாக்கணும்.

— எந்த அலமாரி?

— அவனோட அலமாரிதான். தேக்கு மரம். டவுன்ல அவன் கடையில நிக்குதே, ரெண்டு கதவு வெச்சது.

— அவன் அலமாரி எதுக்குடி என் வீட்டுக்கு வரணும்?

— அவனே வரும்போது அலமாரி வராதா? பெரியப்பா, ஏன் இப்படி முழிக்கறீங்க? பஜ்ஜி தொண்டையில நிக்குதா?

— எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நீ சொல்லு. மெதுவா சொல்லு, உங்கம்மா நின்னுக்கிட்டிருக்காங்க.

— அவன் எங்க வர்றான், கினந்தி?

— இங்கம்மா. இந்த வீட்டுக்கு. கல்யாணத்துக்கு அப்புறம்.

— உன்னைப் பாடாங்குக்குக் கூட்டிட்டுப் போகலையா?

— ஒரு வாரம் போவோம், அவன் அம்மாவைப் பாத்துட்டு வர. அப்புறம் அங்க எனக்கு என்ன வேலை? அவங்க மினாங் ஜனத்துல பொண்ணு புருஷன் வீட்டுக்குப் போறதே கிடையாதும்மா. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு மாமியார் வீட்டுக்கு வரணும். அவன் அப்பா அப்படித்தான் வந்தார், தாத்தாவும் அப்படித்தான். வீடு பொம்பளையோடது, மாமியார் வெச்சதுதான் சட்டம்.

— மாமியார்னா...

— நீதாம்மா.

— இதை ஏண்டி எங்கிட்ட யாருமே சொல்லல?

— சொல்லலயா? முதல் நாளே உன் எதிர்ல உக்காந்து, ‘இனிமே இதுதான் மாமி என் வீடு’ன்னு சொன்னானே!

— அது மரியாதைக்குச் சொன்னான்னு நினைச்சேன்!

— அவனுக்கு மரியாதைக்குச் சொல்லவே தெரியாதும்மா. உன் பலாக்காய்க் கறியை முதல் தடவை தின்னுட்டு என்ன சொன்னான்? ‘மாமி, இது குழம்பா பாயசமா?’ன்னு கேக்கல?

— கூரை ஏறி ஓடு எண்ணினான். கிணத்தை எட்டி எட்டிப் பாத்தான். நான்... நான் விக்கறதுக்கு விலை மதிக்கறான்னு...

— ஓடு ஒழுகுதும்மா! வர்ற மழைக்கு முன்னால மாத்தணும்னு சொல்லிக்கிட்டிருக்கான். நான் அவன்கிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? ‘அம்மாவுக்கு உன்னைப் பிடிக்கல, தேத்தண்ணி ஒரு தரம்தான் ஊத்தினாங்க’ன்னு சொன்னேன். அதுக்கு அவன், ‘பிடிக்கலன்னா சொல்லியிருப்பாங்களே’ன்னான். அம்மா, எனக்குக் கோவம் இல்ல. வண்டி எங்க நிக்கணும்னு நீதான் பெரியப்பாகிட்ட சொன்னேன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ‘போகாதடி’ன்னு ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொன்னா நீ நின்னுடுவே.

— அதுதானே உனக்கு வேணும்?

— நின்னுடுவே. நின்னுட்டு, தினம் காலையில என்னைப் பாத்து சிரிப்பே. நல்ல பொண்ணு நீ, சிரிக்கத்தான் செய்வே. அந்தச் சிரிப்பை ஆயுசு பூரா பாத்துக்கிட்டு நான் எப்படிடி இருப்பேன்? நீங்களா பிரிஞ்சா அது விதி. நான் பிரிச்சா... நான் உன் அம்மாடி.

— அம்மா. இங்க வா. அழாதே, கண்ணு மை கலைஞ்சா விருந்தாளிங்க பயந்துடுவாங்க. நான் எங்கயும் போகல. ஆனா ஒண்ணு, அவன் வந்தா சர்க்கரை டப்பாவைப் பூட்டி வெப்பேன்னு சொல்லிக்கிட்டிருக்கான். அதுக்கு மட்டும் நீ தயாரா இரு.

— சர்க்கரையைத் தொட்டுப் பாக்கட்டும், கையை ஒடிக்கறேன். டேப்பு தையல் மிஷின் இழுப்பறையில இருக்கு. எடுத்துட்டுப் போ. கிழக்கு அறை வேண்டாம், வெயில் அடிக்கும். தோட்டத்தைப் பாத்த பெரிய அறையை அளக்கச் சொல்லு.

— அது விருந்தாளிங்க அறையாச்சே?

— விருந்தாளி இன்னிக்கு வருவான், நாளைக்குப் போவான். போ, போய்ச் சொல்லு.

— இதைத்தாம்மா நேராப் பேசறதுன்னு சொல்றது. வர்றேன் பெரியப்பா. டீசல் வண்டிக்குப் பிளக் கிடைச்சா சொல்லுங்க, அஸ்வர் மாட்டித் தர்றானாம்.

— போ போ, கழுதை! ...இபு, பாத்தீங்களா? எல்லாம் இந்தக் கசிரான் கைராசி. காலையில மருமகனைத் துரத்தக் கூட்டிட்டுப் போனேன், சாயங்காலம் அலமாரியோட கொண்டுவந்து இறக்கிட்டேன்! ஏன் உக்காந்துட்டீங்க? முகமெல்லாம் வெளுத்துப் போச்சே?

— பாக் கசிரான், அவங்க உள்ள போயிட்டாங்களே!

— எங்க உள்ள?

— கோயிலுக்குள்ள! அந்த இளவரசி மூஞ்சிக்கு நேரா போய் நின்னுட்டாங்களே! வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைச்சுட்டேனே! வாழ்நாள் பூரா என்னோட இருக்க வர்றேன்னு ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கிட்டிருக்கான், அவனைப் போய் நானே சாபத்துக்குள்ள தள்ளிவிட்டுட்டேனே! நீங்க ஏன் தடுக்கல?

— நான் தடுக்கறதா? தள்ளிவிடச் சொன்னதே நீங்கதானே!

— நான் ஆயிரம் சொல்வேன். உங்களுக்கு எங்க போச்சு புத்தி?

— இபு, இபு! சாபமும் இல்ல, கோபமும் இல்ல. ஒரு ஜோடியும் பிரிஞ்சதில்லன்னு இப்பத்தானே சொன்னேன்.

— நீங்க சொல்றதுல முக்கால்வாசி காத்து.

— முக்கால்வாசி காத்துதான். மீதிக் கால்வாசியில இது ஒண்ணு. இது நிஜம். சத்தியமா ஒருத்தரும் பிரியல.

— எனக்கு மனசு ஆறல. கேளுங்க, முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் காலையில வண்டியை எடுங்க. ஒரு கூடை பூ எடுத்துக்கறேன். அந்த இளவரசி எதிர்ல நின்னு, ‘தாயே, அனுப்பினது நான், அதுங்க மேல தப்பில்ல, எதுவா இருந்தாலும் என் தலையில போடு’ன்னு கேட்டுட்டு வந்துடறேன்.

— பள்ளிவாசல் இமாம் காதுல விழுந்தா?

— அவர் சம்சாரமே அங்க போய்ப் பூ வெச்சவங்கதான், எனக்குத் தெரியும். ஹாலந்துக்காரங்க நாளைக்கு விடுதியிலேயே இருக்கட்டும், வாத்தைப் போட்டோ எடுக்கட்டும். நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம்.

— நாம ரெண்டு பேரும்...

— ஆமா. நான் இதுவரைக்கும் உள்ள போனதே இல்ல. கல்யாணத்துக்கு முன்னால பயம், கல்யாணத்துக்கு அப்புறம் நேரம் இல்ல. எந்தப் படி, எந்த அறைன்னு நீங்கதான் கூட வந்து காட்டணும்.

— வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடறேன், இபு.

— வாசலோட நான் என்ன பண்றது? உள்ள வாங்க.

— காவலாளி நம்ம ஆளுதான். அவன் காட்டுவான். நல்லா விவரம் சொல்லுவான்.

— உங்களைவிடவா? முழங்கால் வலியா? படி ஏற முடியலையா?

— முழங்காலுக்கு என்ன, குதிரை முழங்கால்.

— பின்ன? சாபம் கோபம் எல்லாம் புருடான்னு இவ்வளவு நேரம் யாரு சிரிச்சது?

— நான்தான்.

— அந்தக் கோயிலுக்குள்ள எத்தனை தடவை போயிருக்கீங்க?

— கணக்கே இல்ல.

— இன்னிக்குக் காலையிலகூடப் போனீங்க. நாளைக்கு ஒரு தடவை என்கூட வர்றதுக்கு மட்டும் என்ன வந்துச்சு உங்களுக்கு? சுத்தி வளைக்காதீங்க, நேராச் சொல்லுங்க.

— கூட வந்தவங்க பிரிஞ்சா எனக்கென்ன நஷ்டம்னு அத்தனை தடவையும் போனேன், இபு. உங்களோட மட்டும் அந்த வாசலைத் தாண்ட மாட்டேன்.